மேகன் அன்ரியின் நீலப் பீங்கான்

ஈரக் கம்பளி மணக்கும் ஊர் அது. மழையில் நனைந்த செம்மறிகள் நடுவீதியில் நின்று, அழைக்காமல் வந்த உறவினரைப் பார்ப்பதுபோல எங்கள் காரைப் பார்க்கும். வேல்ஸில் ஓர் ஏரிக்கரையில், பதினொரு வீடுகளும் ஒரு தேவாலயமுமாக ஒடுங்கிக் கிடந்த அந்த ஊரில், பக்கத்து நகர ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த சித்தப்பா குடியேறியிருந்தார். எனக்குப் பத்து வயதான கோடையில் ஒஸ்லோவிலிருந்து என்னை அங்கே அனுப்பினார்கள். நான் ஆங்கிலம் பழகுவேன் என்பது அம்மாவின் நம்பிக்கை. நான் பழகியது சாப்பிட மட்டுந்தான்.

சித்திக்கு அங்கே ஒரே ஓர் ஆசை: யாராவது ஒருவர் உள்ளே வந்து, இருந்து கதைக்க வேண்டும். ஒரு வருடமாகியும் எல்லோரும் வாசல் படலையடியில் நின்று சிரித்துவிட்டே போனார்கள். நான் வந்த அன்று பக்கத்து வீட்டு மேகன் அன்ரி, தன் தாயின் நீலப்பூப் பீங்கான் தட்டில் கேக் வைத்து, அதே படலைக்கு மேலால் நீட்டினார்.

வினை அங்கேதான் தொடங்கியது. "வெறும் பீங்கானைத் திருப்பிக் குடுக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்?" என்று சித்தி அதை வடையால் நிரப்பினார். மறுநாள் அது அப்பிள் கேக்கோடு திரும்பியது. பிறகு ரோல்ஸ் போக, பிஸ்கட் வந்தது. மூன்று கிழமையாக அந்தப் பீங்கானில் ஈரம் காயவில்லை. தூது போன நான் இரண்டு பக்கமும் ருசி பார்த்ததில், என் காற்சட்டைப் பொத்தான்கள் ஒத்துழைக்க மறுத்தன.

"அவவும் விடமாட்டா, நீரும் விடமாட்டீர். கொலஸ்ட்ரோல் மட்டும் எனக்கு" என்றார் சித்தப்பா.

நான் ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்க, பயற்றம் பணியாரத்தோடு போகையில் ஒரு செம்மறிக் கிடாய் குறுக்கே வந்தது. வைக்கிங்குகளின் நாட்டில் வளரும் நான் அலறிக்கொண்டு பாய்ந்ததில் பீங்கான் கல்லில் விழுந்து நொறுங்கியது. பணியாரத்தைக் கிடாய் சாப்பிட்டது.

"தாயின்ர பீங்கானடி! இனி அந்தப் படலைச் சிரிப்பும் இல்லை" என்ற சித்தி, துண்டுகளைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, முதல்தடவையாகப் பலகாரம் இல்லாமல் போனார். யன்னலால் பார்த்தேன். கதவைத் திறந்த அன்ரி துண்டுகளைப் பார்த்தார்; சித்தியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்; கதவு சாத்தப்பட்டது. இரண்டரை மணித்தியாலம் திறக்கவில்லை.

"பொலிசுக்குப் போன் அடிப்பமோ?" என்று சித்தப்பா என்னிடம் கேட்டார்.

சித்தி கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு வந்தார். "வெறும் பீங்கான் குடுக்கப்படாதெண்டு அவவின்ர தாயும் சொல்லித்தான் வளர்த்ததாம்! எப்ப நிப்பாட்டுறதெண்டு தெரியாமல் அவவும் தவிச்சுக்கொண்டு இருந்தவவாம். எங்கட வடை முழுக்க அவவின்ர நாய்க்குத்தான் போனதாம்."

"நீர் என்ன சொன்னீர்?"

"கேக் முழுக்க உங்களுக்குத்தான் போனதெண்டு சொன்னன்."

மறுநாள் மேகன் அன்ரி வெறுங்கையோடு எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவர் இப்போது இல்லை. அந்த வீட்டுக்குக் கிழமைக்கு ஒரு குடும்பம் விடுமுறைக்கு வந்து போகிறது. ஒருவர் பெயரும் சித்திக்குத் தெரியாது. நானோ ஒஸ்லோவில் ஹவுகெட்டோ பக்கத்து மாடிவீட்டில், எதிர்வீட்டுக்காரர் படியிறங்கி முடியும்வரை கதவுத் துளையால் பார்த்து நின்றுவிட்டே வேலைக்குப் போகிறேன். பத்து வருடமாக அவர் எனக்கு ஒரு தபால்பெட்டிப் பெயர் மட்டும். போன கிழமை அப்படி நிற்கையில், எதிர்க்கதவின் துளைக்குப் பின்னாலும் ஏதோ அசைந்தது. அவர் இறங்கட்டும் என்று நான் காத்திருந்தேன்; நான் இறங்கட்டும் என்று அவர். அன்று இருவருக்கும் ரயில் தவறியது.