அக்கா வீட்டுக் கூடத்து விளக்கு

அவரை எல்லோரும் பிளக் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் வீட்டில் எது சொருகியிருந்தாலும் பிடுங்கிப் பார்த்துவிடுவார். அதற்காக அக்கா வைத்த பெயர். தலை நரைத்தும் பெயர் உதிரவில்லை. பகலில் மின்சார மீட்டர்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை. இரண்டாம் முறை பார்க்காமல் ஒரு மீட்டரைக்கூட வெளியே விடமாட்டார் என்று அங்கே அவர்மேல் ஒரு புகாரே உண்டு. மாலையானால் சம்பளமில்லாமல் உலகத்துக்கு வேலை செய்தார்.

கடையில் விற்கிற விளக்கு, மின்விசிறி, கதவுப் பூட்டு எல்லாமே இப்போது இணையத்தில் பேசக் கற்றுக்கொண்டுவிட்டன. ஆனால் ஒவ்வொரு கம்பெனிப் பொருளும் தன் பாஷையில்தான் பேசும். பக்கத்துக் கம்பெனிப் பொருளோடு முகம் கொடுத்துப் பேசாது. பிளக் இவற்றுக்கு நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளரை எழுதி வைத்தார். ‘கூடத்து விளக்கைப் போடு’ என்று எந்தக் கணினி நிரல் சொன்னாலும், அதை அந்தந்த விளக்குக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லும் இடைமுகம். அதைத் திறந்த மூலமாக இணையத்தில் வைத்தார். யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம். காசு வேண்டாம், நன்றி சொல்லும் கட்டாயமும் இல்லை. கடைசிச் சலுகையைத்தான் மக்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஊரார் வீட்டையெல்லாம் பேச வைத்தவருக்குச் சொந்த வீட்டில் தடை. “ஏங்க, என் வீட்டு சுவிட்சு என் விரலுக்குக் கட்டுப்பட்டா போதும்” என்றாள் மனைவி. “உங்க வித்தையெல்லாம் உங்க அக்கா வீட்ல வச்சுக்குங்க. அவங்கதான் நீங்க எதை உடைச்சாலும் கைதட்டுவாங்க.”

அக்கா கைதட்டினாள். அவள் வீட்டுக் கூடத்து அலமாரிமேல், அந்த மொழிபெயர்ப்பாளர் குடியிருக்கும் ஒரு பெட்டி ஏறியது. முதலில் அதில் இணைத்தது ஒரே ஒரு விளக்கைத்தான். அத்தான் நாற்காலியில் சாய்ந்தபடி, “மச்சான், எந்திரிச்சுப் போய் லைட்டப் போட எனக்கு இன்னும் கால் இருக்குய்யா” என்றார். அவர் வாசல் கதவுக்குத் தடியான ஓர் இரும்புத் தாழ்ப்பாள் போட்டிருந்தார். சிறைச்சாலைக்கா வீட்டுக்கா என்று பிளக் பதிலுக்குக் கேலி செய்தார்.

இடைமுகத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்ட, இணையப் பக்கத்தில் ஒரு மாதிரி நிரல் போட வேண்டியிருந்தது. மற்றவர்கள் அந்த இடத்தில் பொய் முகவரியும் பொய்க் கடவுச்சொல்லும் எழுதி, உங்களுடையதை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிடுவார்கள். ஓடாத மாதிரியும் ஓடாத மீட்டரும் பிளக்குக்கு ஒன்றுதான். அக்கா வீட்டுப் பெட்டியின் நிஜ முகவரியையும் நிஜக் கடவுச்சொல்லையும் போட்டார். எங்கோ ஒரு புதுப் பையன் அந்த நாலு வரியை எடுத்து ஓட்டினால், அக்கா வீட்டில் விளக்கு எரியும். ‘எரிகிறது’ என்று அவனுக்குப் பதில் வரும். அவன் மனம் குளிரும். ஒரு விளக்குதானே, கொஞ்ச நாளில் எடுத்துவிடலாம் என்று இருந்தார். மீட்டராக இருந்தால் இரண்டாம் முறை பார்த்திருப்பார்.

பிறகு அத்தான் போய்ச் சேர்ந்தார். அக்கா தனியாகிவிட்டாள். தம்பிக்குத் தூக்கம் போயிற்று. தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் உள்ளே விழுந்துவிட்டால்? இனி தாழ்ப்பாளைத் தொடாதே என்று சொல்லிவிட்டு, வெளியிலிருந்தே திறக்கிற மாதிரி வாசலுக்குப் பேசும் பூட்டைப் பொருத்தினார். ‘தம்பி’ என்று கத்தினால் தன் போனுக்குத் தகவல் வரட்டும் என்று, கூடத்துச் சுவரில் மிளகு அளவுக்கு ஒரு மைக்கை ஒட்டினார். எல்லாவற்றையும் அதே பெட்டியில், அதே கடவுச்சொல்லில் இணைத்தார். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

கொஞ்ச காலம் கழித்து அக்கா போனில் கிசுகிசுத்தாள்.

“டேய் பிளக்கு, உங்க அத்தான் வந்துட்டுப் போறாருடா.”

“எங்க வந்தாரு?”

“கூடத்துக்கு. லைட்டப் போடறாரு. நான் அணைக்கறேன், மறுபடி போடறாரு.”

“லூஸ் கனெக்‌ஷன்க்கா. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்.”

“ஒண்ணும் பாக்க வேண்டாம். இருந்தப்ப ஒரு நாள் சொல்லி ஒரு லைட்டப் போட்டிருப்பாரா மனுஷன்? இப்பத்தான் புத்தி வந்திருக்கு. நீ வந்து கெடுத்துடாதே.”

அடுத்த போனில் குரல் இன்னும் உற்சாகம். கடைக்குப் போய்த் திரும்பினால் வாசல் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறதாம். “தாழ்ப்பாளை மாட்டினதோட சரி, அவருக்கு என்னைக்குக் கதவு சாத்தற பழக்கம் இருந்துச்சு, சொல்லு?” என்று சிரித்தாள். பிளக்குக்கும் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் தன் இணையப் பக்கத்தின் கேள்வி பதில் பகுதியைத் திறந்தார். மேலே ஒரு புதியவரின் பணிவான சந்தேகம்: ‘மாதிரி அருமையாக ஓடுகிறது. ஆனால் நான் விளக்கைப் போட்டதும் யாரோ அணைத்துவிடுகிறார்கள். பிழை என் நிரலிலா?’ அதற்குக் கீழே, பெயர் போடாத ஒருவர் பதில் எழுதியிருந்தார்: ‘பிழை இல்லை. அங்கே ஓர் அம்மா இருக்கிறார்.’ அதே ஆள் அடுத்த வரியில்: ‘இதே கடவுச்சொல்லுக்கு வாசல் கதவும் திறக்கும்.’

பிளக் டிபன் பாக்ஸை மூடிவிட்டு முதலில் மாதிரியை அழித்தார். அழித்தபிறகுதான் உறைத்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்தானே எழுதி வைத்தார்? எடுத்தவர்கள் கையில் அது பத்திரமாக இருக்கும். கடவுச்சொல்லை மாற்றலாம் என்றால், பெட்டியின் பின்னாலிருக்கும் பித்தானை நேரில் அழுத்தினால்தான் முடியும். தூரத்திலிருந்து எவனும் மாற்றிவிடக் கூடாதென்று அவரே வைத்த ஏற்பாடு.

அக்காவுக்குப் போன் போட்டார். “அக்கா, அலமாரி மேல இருக்கற பெட்டியோட ஒயரை இப்பவே பிடுங்கு.”

“அதைப் பிடுங்கினா அவர் எப்படிடா வருவாரு?” என்று அக்கா வைத்துவிட்டாள்.

லீவு சொல்லிவிட்டு பஸ் பிடித்தார்.

வாசல் கதவு சாத்தித்தான் இருந்தது, தள்ளினால் திறந்துகொண்டது. கூடத்தில் நல்ல வெயில் நேரத்திலும் விளக்கு எரிந்தது. அத்தானின் காலி நாற்காலிக்கு எதிரே அக்கா உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலில் இரண்டு டம்ளர் டீ.

பிளக் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல விளக்கு ஒரு தரம் அணைந்து எரிந்தது. அக்கா அதைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“அப்ப இத்தனை நாளா நான் யார்கிட்டடா பேசிட்டிருந்தேன்?”

“யார்கிட்டயும் இல்லக்கா. கத்துக்கற பசங்க. லைட்டப் போட்டுப் பாத்திருப்பாங்க, அவ்ளோதான்.”

“நான் பேசினது அவங்களுக்குக் கேட்டுச்சா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். கண் தன்னால் சுவரிலிருந்த மிளகு மைக்குக்குப் போயிற்று. அக்காவின் கண்ணும் பின்னாலேயே போயிற்று.

“அப்படி என்னக்கா பேசினே?”

“புருஷன்கிட்டப் பேசினதை உன்கிட்ட ஒப்பிக்கணுமா?” என்று சீறினாள். பிறகு குரல் தணிந்தது. “துரைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதோன்னு கேப்பேன். அவரைத் துரைன்னுதான் கூப்பிடுவேன். இந்த நாலு சுவத்துக்குள்ள மட்டும். நீகூடக் கேட்டிருக்க மாட்டே.”

கேட்டதில்லைதான். பிளக் அலமாரிமேல் கைவிட்டு, பித்தான் கித்தான் எதையும் தேடாமல், சின்ன வயதுப் பழக்கத்தில் ஒயரையே பிடுங்கினார். விளக்கு அணைந்தது. பேசும் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டார். மிச்சமிருந்தது அத்தானின் தாழ்ப்பாள். துருப்பிடித்து இறுகிப் போயிருந்தது. அக்காவும் தம்பியும் நாலு கையால் தள்ளியபிறகு, முனகிக்கொண்டே போய்த் தன் குழியில் விழுந்தது.

“சிறைச்சாலைன்னு சிரிச்சியே” என்றாள் அக்கா.

“நீ ரெண்டு நாள் எங்க வீட்ல வந்து இரு அக்கா. அங்க சுவிட்சு பேசாது. பேசறதெல்லாம் என் பொண்டாட்டி ஒருத்திதான்.”

அக்கா சிரித்தேவிட்டாள். அந்த நேரத்தில் பிளக்கின் சட்டைப் பையில் போன் துடித்தது. கேள்வி பதில் பகுதியில் புதுச் செய்தி. அந்தப் பெயரில்லாத ஆள்.

பிளக் படித்தார். படித்துவிட்டுப் போனைப் பையில் போடப் பார்த்தார். அக்கா கையை நீட்டினாள். இந்தத் தம்பி எதை ஒளித்தாலும் அவளுக்குத் தெரியும். வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, உதடு அசையப் படித்தாள்.

‘பெட்டி பதில் சொல்லவில்லை. அம்மா நலம்தானே? துரை இன்று வரவில்லையே என்று தேடுவார்கள்.’

போனைத் திருப்பித் தந்தாள். அத்தானுக்கு ஊற்றிய டம்ளரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் கவிழ்த்தாள். திரும்பி வந்து தாழ்ப்பாளை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள்.

“பெட்டி செத்துப் போச்சுக்கா. இனிமே எதுவும் கேக்காது. நீ பேசு” என்றார் பிளக்.

அக்கா உதட்டின்மேல் விரலை வைத்தாள். இன்னொரு கையால் பீரோவைக் காட்டி, துணிகளை எடுத்துவைக்கும்படி தம்பிக்குச் சைகை செய்தாள்.