பதினோராவது வீட்டில் மூன்று கேள்விகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒக்ரோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ரொறன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் ஒரு புது வீட்டில் இது நடந்தது. காலையில் பிறம்ரனில் இரண்டு வீடுகளில் பேட்டிகளை முடித்துக்கொண்டு மூன்றாவதாக அங்கே போனோம். நெடுஞ்சாலையை விட்டு இறங்கிய பிறகு பதினேழு சிக்னல்கள். அவற்றில் பதினொன்று சிவப்பு. எண்ணாவிட்டால் எனக்கு மனம் ஆறாது. யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன். இங்கே வந்து பத்தொன்பது வருடம் ஒரு கிடங்கில் பெட்டிகளை எண்ணினேன். இப்போது வோபர்னில் மகன் வீட்டில் இருந்துகொண்டு மாத்திரைகளை எண்ணுகிறேன்.

இந்த வேலைக்கு என்னைப் பிடித்துக் கொடுத்தது மருமகள்தான். அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நம் சிறுவர்கள் பள்ளியிலும் வீட்டிலும் தங்களை யார் என்று சொல்லிக்கொள்கிறார்கள், எதை நியாயம் என்றும் எதை அநியாயம் என்றும் உணர்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பெற்றோருடன் பேசவும், ஒலிப்பதிவுகளைக் கேட்டு அப்படியே தமிழில் எழுதித் தரவும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து விழுந்ததும் பதிவுக் கருவியைப் போட்டுவிடுவாள். முதலில் நான் பெற்றோருடன் கொஞ்சம் பேசுவேன். பிறகு அந்த வீட்டுப் பிள்ளை தனக்குப் பிடித்த இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகும். கருவி ஓடத் தொடங்கியதிலிருந்து கேட்கும் அத்தனையையும் எழுத வேண்டும். இருமல், சிரிப்பு, மௌனம் என்றால் எத்தனை செக்கன் என்பது வரைக்கும். எனக்காகவே செய்த வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வீட்டில் ஒரு தாயும் பத்து வயது மகளும் இருந்தார்கள். தகப்பன் வேலைக்குப் போயிருந்தார். சுவரில் பெயின்ற் வாசம் இன்னும் போகவில்லை. கையெழுத்து முடிந்ததும் வழக்கம்போலத் தாயிடம் பேச்சைத் தொடங்கினேன்.

"பிள்ளை, ஊரில எவடம்?"

ஊரின் பெயரைச் சொன்னார்.

"அதில எந்தப் பக்கம்? கோயிலடியோ, பள்ளிக்கூடத்தடியோ?"

அதையும் சொன்னார், கொஞ்சம் மெதுவாக.

"அப்பாவின்ர பேர் என்ன?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு எழுந்து போய்த் தேநீர் கொண்டுவந்து வைத்தார். நான் வேண்டாம் என்றேன். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. ஒரு நாளைக்கு இரண்டு தேநீர் என்பது கணக்கு, பிறம்ரனிலேயே இரண்டும் முடிந்துவிட்டன. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பிறம்ரன் வீடுகளிலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னேன். நம் வழக்கம் அது. அவர்கள் "சும்மா குடியுங்கோ அங்கிள்" என்று இரண்டாம் முறை சொல்ல, வாங்கிக் குடித்தேன். இங்கேயும் இரண்டாம் முறை சொல்லியிருந்தால் மூன்றாவதையும் குடித்திருப்பேன். இந்தத் தாய் இரண்டாம் முறை கேட்கவில்லை. கோப்பையைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கோப்பை, நீலக் கரை. அதைக்கூடக் கவனித்தேன். கவனிக்க வேண்டியதைக் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். பேஸ்மென்ற்றில் அந்தச் சிறுமி பேசியது வந்தது. உன்னை ஆர் எண்டு கேட்டால் என்ன சொல்லுவாய் என்பது கேள்வி.

"ஸ்கூலில 'வெயார் ஆர் யூ ஃப்ரம்' எண்டு கேப்பினம். நான் ஸ்ரௌவ்வில் எண்டு சொல்லுவன். 'நோ, றியலி?' எண்டு கேட்டா சிறிலங்கா எண்டு சொல்லுவன். தட்ஸ் இற். ரெண்டு கேள்விதான். ஆனா தமிழ் அங்கிள்மார் அன்ரிமார் அம்மாட்ட மூண்டு கேப்பினம். என்ன ஊர், எந்தப் பக்கம், அம்மப்பான்ர பேர். நான் எப்பவும் கவுண்ட் பண்ணுவன். மூண்டாவதுக்கு அம்மா சிரிப்பா. பட், அது அம்மான்ர சிரிப்பு இல்லை."

ஒன்பது செக்கன் மௌனம்.

"இண்டைக்கு அந்த அங்கிளும் மூண்டு கேட்டவர். பிறகு ரீ குடிக்கேல்லை. நான் பாத்தனான்."

"அதுக்கு என்ன அர்த்தம் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று ஆராய்ச்சிப் பிள்ளை கேட்கிறாள்.

"தெரியாது. அம்மாவுக்குத் தெரியும்."

ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்தானுக்கு அந்த மூன்று பதிலும் போதும். சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே எதிரில் இருப்பவரின் சாதியை அறிந்துகொள்ளலாம். அறிந்த பிறகு அந்த வீட்டில் தண்ணீர், தேநீர் தொடாமல் எழுந்து போனால் அதற்கு என்ன பொருள் என்பதும் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சினேகத்துக்காகக் கேட்கிறேன் என்றுதான் இத்தனை காலமும் என்னிடம் நானே சொல்லி வந்தேன். ஆனால் அன்று மூன்றாவது பதில் கிடைத்ததும், கணக்கு ஒன்று மீதியில்லாமல் முடிந்ததுபோல எனக்குள் ஒரு திருப்தி வந்தது. அது வந்ததென்பதை மறுக்க முடியாது. அந்தப் பதிலை வைத்து யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று சத்தியம் செய்வேன். அப்படியானால் அது எனக்கு எதற்குத் தேவைப்பட்டது?

ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்த பிறம்ரன் வீடுகளையும் சேர்த்து, அதுவரை எழுதிய பத்து வீடுகளின் பிரதிகளை எடுத்துப் பார்த்தேன். இருமல்கள்கூட இருந்தன. என் மூன்று கேள்விகளும் ஒன்றிலும் இல்லை. 'பொதுவான உரையாடல்' என்று ஒரு வரியில் முடித்திருந்தேன். பத்து வீட்டிலும் கேட்டவன் நான். பத்து முறையும் மறைத்தவனும் நான்.

மறுநாள் அந்தத் தாயிடமிருந்து செய்தி வந்தது. மகளின் பதிவை அழித்துவிட வேண்டும், தாங்கள் விலகிக்கொள்கிறோம் என்று. அது அவருடைய உரிமை. நான் ஆராய்ச்சிப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அங்கிள், நானும் அங்கதானே இருந்தனான். எங்கட அம்மாட்டையும் உப்பிடித்தான் கேக்கிறவை. நான் உங்களை மறிச்சிருக்கலாம்," என்றாள். பிறகு, "அழிக்கிறதுக்கு முதல் எழுதினதை அவவுக்குக் காட்டலாம். முழுக்க எழுதுங்கோ," என்றாள்.

முழுக்க எழுதினேன். ஒன்பது பக்கம். முதல் பக்கத்தில் என் மூன்று கேள்விகளும், அதன் கீழ் 'தேநீர் வேண்டாம் என்கிறார்' என்ற வரியும். அம்மா வாசிக்கலாமா என்று சிறுமியிடமும் ஆராய்ச்சிப் பிள்ளை தொலைபேசியில் கேட்டாள். வாசிக்கட்டும் என்றாளாம்.

அடுத்த புதன்கிழமை மூன்று மணிபோல இருவரும் போனோம். தாய் குசினியில் சாப்பாட்டு மேசையருகே நின்றுகொண்டே வாசித்தார். என்னை இருக்கச் சொல்லவில்லை. நானும் நின்றேன். முதல் பக்கத்திலேயே நிமிர்ந்தார்.

"இதை எழுதச் சொல்லி ஆரும் சொன்னவையோ?"

"முதல் நான் எழுதாமல் விடுறனான் பிள்ளை. பிறகுதான் எழுதினனான். நான் கேட்டது பிழை. தேத்தண்ணி குடிக்காமல் விட்டது சீனி வருத்தத்தால. ஆனா அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மற்ற வீடுகளிலயும் கேட்டனீங்களோ?"

"ஓம். பத்து வீட்டிலயும்."

"அப்ப எல்லாரிட்டையும் சமமாத்தான் கேட்டிருக்கிறியள்," என்றார். குரலில் ஒரு குத்தல் இருந்தது. "கேள்வி எல்லாருக்கும் ஒண்டுதான் அங்கிள். பதில் சொல்லுறதுதான் எல்லாருக்கும் ஒண்டில்லை."

அவர் பக்கங்களைத் திருப்பினார். ஏழாம் பக்கத்தில் நின்றுவிட்டார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தை நான்கு முறை வாசித்தார்.

"இவள் எண்ணிக்கொண்டிருந்தவள் எண்டு எனக்குத் தெரியாது," என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். "இஞ்ச பிறந்த பிள்ளைக்கு உது ஒரு நாளும் தெரியவே வராது எண்டு நினைச்சனான். நான் ஒரு சொல்லும் சொல்லேல்லை."

ஆராய்ச்சிப் பிள்ளை பதிவை அங்கேயே அழிப்பதாகச் சொன்னாள். தாய் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"நான் நாப்பது வயது வரைக்கும் வாய் திறக்கேல்லை. அவள் பத்து வயதில சொல்லியிருக்கிறாள். அது கிடக்கட்டும்."

நான் பல பேரை என் வாழ்க்கையில் மதித்திருக்கிறேன். ஒருவர் முன்னால் நிற்கவே கூசி, அதே நேரம் அங்கிருந்து போகவும் மனமில்லாமல் நின்றது அன்றுதான். தேநீர் தரட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று எதிர்பார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை.

நாங்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது பள்ளி பஸ் வந்தது. சிறுமி உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். புத்தகப்பையைக் கழற்றாமலே கேட்டாள்.

"இண்டைக்கு எத்தினை அம்மா?"

"ஒண்டுமில்லை," என்றார் தாய்.

சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு அவள் பிரிட்ஜைத் திறக்கப் போய்விட்டாள். எழுபது வருடமாக உலகத்தை எண்ணிக்கொண்டிருந்தவன் நான். பத்து வயதில் ஒரு பிள்ளை படியில் உட்கார்ந்து, என்ன என்று யாரும் சொல்லிக் கொடுக்காமலே, எண்ண வேண்டிய ஒன்றைச் சரியாக எண்ணி வைத்திருந்தாள்.

அன்றைக்குப் பிறகு மற்றப் பத்துப் பிரதிகளையும் திருத்தி எழுதிக் கொடுத்தேன். இன்றும் புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால் அந்த முதல் கேள்வி நாக்கு நுனிவரை வருகிறது. இதுவரை நாற்பத்தொரு முறை விழுங்கியிருக்கிறேன். அது வராமலே போன முறை இன்னும் ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன், அந்தப் பிள்ளை எண்ணியதுபோல, எதையும் விடாமல்.