செல்லம்மாவைத் தூக்கிய கைகள்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ராஜன் அண்ணன் இறந்த செய்தி வந்தபோது ஆக்லாந்தின் மனுரேவா ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். போனில் பேசியவர், அண்ணன் மகள் கவிதாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளையின் தாயார். "ராஜன் போயிட்டாருங்க. ஹார்ட் அட்டாக்காம். நாகம் சும்மா விடுமா?" செய்தியும் தீர்ப்பும் ஒரே மூச்சில் வந்தன.

அண்ணனை அறிந்த உங்களுக்குத்தான் எழுதுகிறேன். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், கவிதாவின் காதுபடவே சர்ப்ப தோஷம் பேசியவர்கள் நீங்கள். யார் யாரென்று எனக்கு நினைவிருக்கிறது. நான் எதையும் எளிதில் மறப்பவனல்ல.

மலேசியாவின் கிள்ளானில் பிறந்த அண்ணன், பிரிஸ்பேனில் இருந்த காலத்தில் முறையாக அனுமதி வாங்கி ஒரு மலைப்பாம்பை வளர்த்தார். பெயர் செல்லம்மா. ஒரு கல்யாணத்துக்குப் போன நாங்கள் சிலர் அவர் வீட்டில் தங்கினோம். பாம்பை எடுப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவினார். "கையில கோழி வாசம் அடிச்சா சாப்பாடுன்னு நெனச்சுக்கும் லா." பக்கவாட்டில் மெதுவாகக் கை நீட்டி, நடு உடம்பைத் தாங்கித் தூக்கினார். தலைப் பக்கம் போகவே இல்லை. "இறுக்கக் கூடாது. நடுங்குற கைய நீட்டவும் கூடாது. கீழ விழ மாட்டோம்னு அதுக்குத் தெரிஞ்சா போதும்."

எங்களோடு வந்திருந்த அந்தத் தாயார் மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து பாம்பின் தலையில் தூவப் போனார். அண்ணன் உள்ளங்கையால் மறித்தார். "வேணாம்க்கா. இதுக்கு இமை கிடையாது. கண்ண மூட முடியாது." அதற்குள் பாம்பு மிரண்டு அந்த அம்மாவின் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. அவர் அலறினார். அண்ணனின் குரல் உயரவே இல்லை. "உதறாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க. உங்களவிட அதுதான் பயந்துபோயிருக்கு." பேசிக்கொண்டே வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தெடுத்தார். கை விடுபட்டதும் அந்த அம்மா சிரித்தார்: "என் வளையலைவிட இது நல்லா இருந்துச்சு!"

பிறகு அண்ணனுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தது. இந்த நாட்டில் பாம்பு வளர்க்க யாருக்கும் அனுமதியில்லை. செல்லம்மாவைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவிட்டு வந்தார். மலைப்பாம்பை நாகமாக்கியது நீங்கள். 'நாகத்தைக் கைவிட்டவர்' என்றீர்கள். 'பூஜையைத் தடுத்தவர்' என்று அந்தத் தாயார் சேர்த்துக்கொண்டார்.

மாசியில் ஒரு பிறந்தநாள் விருந்தில் இதைக் கேட்டு நான் கொதித்து எழுந்தேன். அண்ணன் என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். "பயந்தவங்கள இறுக்கிப் பிடிக்காத தம்பி. கடிக்கத்தான் செய்வாங்க."

இப்போது மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தையே நிறுத்தப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வார்களாம். தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "நமக்கெதுக்குங்க வம்பு" என்கிறீர்கள். நேற்று கவிதா கேட்டாள்: "அங்கிள், அப்பா செத்ததுக்கு நான் இவங்ககிட்ட சாரி சொல்லணுமா?" உங்களில் ஒருவராவது ஞாயிறுக்கு முன் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள்.

அண்ணனின் நிதானம் எனக்கு வாய்க்கவில்லை. நடுங்கும் கையை நீட்டக் கூடாது என்பதை மட்டும் அவரிடமிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். என் பெயரே அப்படிப்பட்ட கைதான். அதைப் பார்த்ததும் என்னோடு சண்டைக்கு வருவீர்கள், கவிதாவை மறந்துவிடுவீர்கள். ஆகவே பெயர் போடாமல் பதிவிடுகிறேன். வளையல் பேச்சைப் படித்ததும் அந்தத் தாயாருக்கும், கெஞ்சியதை வைத்து உங்களில் சிலருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். தெரியட்டும்.