மிளகாய்க்காட்டில் எரிஸ்

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவனை வீட்டில் வைத்திருந்தால் ஏதாவது வேலை கொடுத்து வெளியே அனுப்பிவிட வேண்டும். அறிவியல் ஆசிரியையான என் மனைவி அதைத்தான் செய்தாள். பிள்ளைகளுக்காகச் சூரியக் குடும்பத்தின் மாதிரி ஒன்று: சாயல்குடியில் அவள் பள்ளி வாசலில் ஒரு மீட்டர் அகலத்தில் சூரியன். அதிலிருந்து நூறு மீட்டரில், கொண்டைக்கடலை அளவில் பூமி. மறுநாள் காலை பிள்ளைகள் சைக்கிளில் கோள் கோளாகப் போவார்கள்.

"நெப்டியூனோட நிறுத்துனா, பாதி வீட்டக் காட்டிட்டுக் கதவச் சாத்துன மாதிரி" என்றாள்.

ஆக, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குறுங்கோள்கள் என் பொறுப்பு. ஆளுக்கொரு கம்பு, சிவப்புப் பெயிண்ட், ஓர் எண், உச்சியில் ஒட்டிய ஒரே ஒரு கடுகு. மூன்றரை கிலோமீட்டரில் புளூட்டோ. ஐந்தைத் தாண்டி மாக்கேமாக்கே. அப்புறம் சீமைக்கருவேலம், வெயில், காற்று, மறுபடியும் காற்று. சூரியக் குடும்பத்தின் பெரும்பகுதி வெறும் போய்க்கொண்டிருத்தல்தான்; பைக்கில் போனால் புரியும். ஒன்பதரை கிலோமீட்டரில், ஒரு மிளகாய்க்காட்டு வரப்போரம், கடைசியாக எரிஸை நட்டேன்.

பைக்கில் ஏறித் திரும்பிப் பார்த்தால், எரிஸ் பிடுங்கப்பட்டு ஓர் அம்மாள் கையில் இருந்தது. காட்டுக்காரி.

"ஏய்யா, நீ எந்த ஆபீசு?"

தப்பு என்னுடையதுதான். இந்தப் பக்கத்தில் வரப்போரம் எண் போட்ட சிவப்புக் கம்பு முளைத்தால் ஒரே அர்த்தம்: நிலத்தை யாரோ அளந்துவிட்டார்கள். பின்னாலேயே நோட்டீஸ் வரும், கம்பி வேலி வரும்.

"ஆபீசெல்லாம் இல்லக்கா. பள்ளிக்கூடத்து வேல. சூரியன் சாயல்குடியில இருக்கு…"

"அப்ப மேல காயுறது?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். இந்த எரிஸைக் கண்டுபிடித்த பிறகுதான் புளூட்டோவின் கோள் பட்டம் பறிபோனது என்பதையும்.

"யாரு பறிச்சா?"

"வெளிநாட்டுல கூட்டம் போட்டு, கையத் தூக்கி முடிவு பண்ணாங்க."

"அது செஞ்ச குத்தம்?"

"அது பாதையில கெடக்குற மத்த கல்லையெல்லாம் வெரட்டி ஒதுக்கலையாம்."

"பக்கத்துக்காரன வெரட்டலைன்னா பட்டா கெடையாதா? நல்லாருக்குய்யா ஞாயம்!"

சிரித்தாள். ஆனாலும் கம்பைத் தரவில்லை.

"நாளைக்குக் காலையில மட்டும்க்கா. பிள்ளைக இம்புட்டுத் தூரம் மிதிச்சு வருதுக."

"நட விடமாட்டேன்."

மனைவியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி பைக் சாவியை எடுத்தேன். காட்டுக்காரி என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

"நட்டாத்தானய்யா அளந்ததா ஆகும்? கையில வச்சிருந்தா அது வெறுங்கம்பு. நானே புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். எத்தன மணிக்கு வாரீக?"

மறுநாள் காலை நின்றாள், எண்ணைச் சுரண்டிவிட்ட கம்போடு. பிள்ளைகள் மூச்சிரைக்கச் சுற்றி நின்றார்கள். மனைவி தொடங்கினாள்: "இதுதான் எரிஸ். சூரியன ஒரு தடவ சுத்திவர ஐந்நூத்தைம்பது வருசத்துக்கு மேல…"

ஒரு வெள்ளாடு மிளகாய்க்குள் தலையை விட்டது.

"அட மூதி!" எரிஸ் வரப்பு தாண்டிப் பறந்தது. ஆடு முன்னால், எரிஸ் பின்னால். பிள்ளைகள் சைக்கிள் மணிகளை அடித்துத் தீர்த்தார்கள். கையில் கம்போடு காட்டை முழுதாக ஒரு சுற்று சுற்றி, இரண்டே நிமிடத்தில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து நின்றாள்.

"ம், சொல்லுங்க டீச்சர். எத்தன வருசம்?"