நாலேகால் நிலா

எந்தக் கணக்கையும் மூன்று முறை போட்டுப் பார்க்காமல் ஜீவிதாவுக்குத் தூக்கம் வராது. அஸ்தினாபுரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். அப்பாவுக்குப் பம்மலில் தோல் கம்பெனி வேலை, அம்மா ஐந்தாவதோடு நின்றவள். அவள் போட்ட விடை சரியா, தப்பா என்று பார்த்துச் சொல்ல வீட்டில் ஒருநாளும் யாரும் இருந்ததில்லை. பிஎஸ்சி இயற்பியல் முடித்து, குரோம்பேட்டை டியூஷன் சென்டரில் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

"மிஸ், கண்ணுக்கு அவ்ளோ பெருசா தெரியிற நிலா, போட்டோவுல மட்டும் ஏன் இத்துனூண்டு இருக்கு?" என்று டிசம்பரில் ஓர் ஏழாம் வகுப்புப் பெண் கேட்டாள். பதில் சொல்லத்தான் ஜீவிதா வெள்ளிக்கிழமை பிற்பகல் மொட்டைமாடியில் நின்று படம் எடுத்தாள். பகல் நிலா, பக்கத்தில் தெருக்கோடி ஜெபவீட்டின் கிறிஸ்துமஸ் நட்சத்திரம், அதற்கு வலப்புறம் அதே ஜெபவீட்டின் மணிக்கூண்டு.

அந்த ஜெபவீட்டில் நட்சத்திரம் வருடத்துக்கு ஓரடி வளரும். அடுத்த தெரு சபையோடு போட்டி. இந்த வருடம் பத்தடி. மூங்கில் கட்டி, தாள் ஒட்டி, இரும்புக் கம்பத்தில் ஏற்றியது அவள் தம்பி ஜோஸ்வினும் அவன் கூட்டாளிகளும். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஆறு மணிக்குச் சிறுபிள்ளைகள் கம்பத்தைச் சுற்றி நின்று பாடுவார்கள். இருப்பதிலேயே சின்னப் பிள்ளை நட்சத்திரத்தின் ஸ்விட்சைப் போடும்.

நிலா எவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று காட்டும் கணக்கு எளிதுதான். நிலா தன் அகலத்தைப்போல் ஏறக்குறைய நூற்றுப்பத்து மடங்கு தள்ளி இருக்கிறது. மாடியிலிருந்து கம்பம் இருநூற்றிருபது அடி. ஆக, அந்தத் தூரத்தில் நிலாவை மறைக்கும் அகலம் இரண்டடி. படத்தில் நட்சத்திரத்தின் அகலம் ஐந்து நிலா. ஐயிரண்டு பத்து. ஜோஸ்வின் டேப் வைத்து அளந்த அதே பத்தடி. அன்று அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளான ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு, நிலா இன்னும் முழுசாகியிருக்குமே என்று அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுத்தாள். நட்சத்திரம் அதே ஐந்து நிலா. ஆனால் கம்பத்துக்கும் மணிக்கூண்டின் உச்சிக்கும் நடுவே வெள்ளியன்று நாலு நிலாவாக இருந்த இடைவெளி இன்று நாலேகால்.

கால் நிலா என்றால் அரையடி.

மூன்று முறை அளந்தாள். நிலா விலகிப்போய்ச் சிறுத்திருக்குமோ? அப்படியானால் நட்சத்திரமும் ஐந்து நிலாவுக்கு மேல் காட்ட வேண்டும். காட்டவில்லை. மாதத் தொடக்கத்துப் புயலில் முழங்கால் தண்ணீர் நின்ற தரை அது. இன்னும் சொதசொதவென்று இருந்தது. கம்பம் சாய்கிறது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அதைச் சுற்றி நாற்பது பிள்ளைகள் நிற்பார்கள்.

ஓடினாள். சபைச் செயலாளர் ஜெபகுமார் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டிக் கணக்கைச் சொன்னாள்.

"இன்னாம்மா, டிகிரி படிச்சா நிலாவை ஸ்கேலா வெச்சு அளப்பாங்களா?"

"அண்ணா, ரெண்டே நாள்ல அரையடி நகர்ந்திருக்கு. பிள்ளைங்களைக் கம்பத்துகிட்ட நிறுத்தாதீங்க."

பக்கத்தில் நின்ற ஜோஸ்வினுக்கு முகம் சிவந்தது. "ஊரு முன்னாடி என் வேலையைக் குறை சொல்லலைன்னா உனக்குச் சோறு இறங்காதா?"

"டேய், உன்னைச் சொல்லலைடா. கம்பத்தைச் சொல்றேன்."

"கம்பத்தை நட்டது யாரு? நான்தானே!"

ஜெபகுமார் கையைத் தூக்கினார். "நல்ல நாள்ல சண்டை வேணாம். பிள்ளைங்க மணிக்கூண்டுக்கு அந்தாண்ட, பந்தல்ல நிக்கட்டும். போதுமா?"

போதும் என்றாள் ஜீவிதா. பாதி நிம்மதி, பாதிக் கூச்சம். ஆறு மணிக்குள் வெள்ளை கவுனும் தாள் சிறகுமாகப் பிள்ளைகள் பந்தலுக்கடியில் வரிசையாக நின்றார்கள்.

ஜோஸ்வின் விடவில்லை. நூலில் ஓர் இரும்பு நட்டைத் தூக்குக்குண்டாகக் கட்டி, ஏணியில் ஏறி, கம்பத்தின் மேலிருந்து தொங்கவிட்டான். நூல் கம்பத்தை ஒட்டி, மேலிருந்து கீழே வரை ஒரே கோடாக நின்றது.

"பாத்துக்கோங்க! என் கம்பம் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. அக்காவோட நிலாதான் கோணல்!"

கூட்டம் சிரித்தது. "ஜீவிதா மிஸ்ஸுக்கு ஒரு புது நிலா வாங்கிக் குடுங்கப்பா" என்று யாரோ கத்தினார்கள். காது சுட்டது. போனைத் திறந்து மறுபடி அளந்தாள். நாலேகால். கணக்கு தப்பில்லை, கம்பமும் தப்பில்லை. அப்படியானால்?

இரண்டு பொருளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைத்தான் அவள் அளந்திருந்தாள். எது நகர்ந்தது என்று படம் சொல்லவில்லை. கம்பம் ஒல்லி, கட்டியவன் தம்பி, அதனால் கம்பம்தான் என்று முடிவு செய்தது அவள். சிமெண்டு பூசிய முப்பதடி மணிக்கூண்டைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. அது சாய்கிறதென்றால் கம்பத்தை விட்டு விலகி, அந்தப் பக்கம் சாய்கிறது. பந்தலின் பக்கம்.

பிள்ளைகளை அங்கே நிறுத்தியது அவள்தான்.

"ஜோஸ்வின்! நூலை மணிக்கூண்டுல விடு. பந்தல் பக்கம்."

"போதும்க்கா, மானம் போவுது."

"ஒரே ஒரு தடவடா. நேரா இருந்தா இனிமே வாயே திறக்க மாட்டேன்."

அவள் குரலில் என்ன கேட்டதோ, அவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான். கூண்டின் மேல்விளிம்பிலிருந்து நூலை இறக்கினான். நட்டு சுவரைத் தொடாமல் ஆடியது. ஆட்டம் நின்றபோது சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அரையடி அல்ல, அதைவிட அதிகம். வெள்ளிக்கிழமைக்கு முன்பே எவ்வளவு சாய்ந்திருந்ததோ, அது அவள் கணக்கில் வரவே இல்லை.

சிரிப்பு அடங்கிவிட்டது. "பழைய கிணத்தைத் தூர்த்துட்டுத்தான் மேல கட்டினோம்" என்றார் ஜெபகுமார், யாரையும் பார்க்காமல்.

ஜீவிதா அதற்குள் பந்தலில் இருந்தாள். "பாட்டு அப்புறம். கையைப் பிடிச்சுக்கோங்க, ரோட்டுக்குப் போகலாம். ஓடாதீங்க, குதிக்காதீங்க." இரண்டு இரண்டு பேராக நடத்தினாள். ஸ்விட்சு போடவேண்டிய குழந்தை அழுததால் இடுப்பில் தூக்கிக்கொண்டாள். எண்ணினாள். நாற்பது. மறுபடி எண்ணினாள்.

எல்லோரும் எதிர்ப்புறம் போய் நின்றார்கள். கூண்டின் அடியிலிருந்து அரித்த மணல் சரிவதுபோல ஒரு சத்தம் விட்டுவிட்டு வந்தது. மேலே மணி, அடிப்பார் இல்லாமல், ஒருமுறை லேசாக ஒலித்தது.

ஜோஸ்வின் அவள் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றான். கையில் நூல் இன்னும் இருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்க்கா நிக்கும்?"

"தெரியலைடா" என்றாள் ஜீவிதா. மூன்றாவது முறையாகப் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினாள்.