டிக்கெட்டில் அச்சாகாத கணவர்

போன வாரம் சேலத்தில் இறங்கினேன். இறங்கினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. இறக்கிவிட்டார்கள்.

யுத்த காலமல்லவா? பட்டாளத்துக்காரர்களுக்கு ரயில் பெட்டிகள் தேவைப்பட்டன. மேட்டுப்பாளையம் போக வேண்டிய எங்களை மூட்டை முடிச்சோடு பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு ரயில் போய்விட்டது. அடுத்த வண்டி பிற்பகலில். அதிலும் கொஞ்சம் பேருக்குத்தான் இடம். இடச்சீட்டு எழுதித் தருபவர் ஒரு குமாஸ்தா.

சேலத்து வாசகர்கள் கோபிக்கக் கூடாது — உங்கள் ஊரைச் சுற்றிப் பார்க்க யாரும் ரயிலை விட்டு இறங்குவதில்லை. வெயில், கரித்தூள், தண்ணீர் வராத குழாய். பார்க்க வேண்டியவற்றை நான் சீக்கிரமே பார்த்து முடித்துவிட்டேன்.

எனக்கோ அவசரம். எக்ஸ்ரே மெஷின் இயக்கப் பயின்றவள் நான் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். ஊட்டியில் ஒரு டாக்டர் வேலை கொடுத்திருந்தார். மறுநாள் மாலைக்குள் சேராவிட்டால் அந்த வேலை வேறொருவருக்கு.

என் முறை வந்தது. குமாஸ்தா என் டிக்கெட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஏனுங் அம்மிணி, ஊட்டுக்காரரு எங்கீங்க?"

நான் மாயவரத்துக்காரி. டிக்கெட்டில் ஊட்டி என்றிருப்பதைப் பார்த்துவிட்டு, அங்கே வேலை கொடுத்தவரை விசாரிக்கிறார் என்று நினைத்தேன்.

"ஊட்டிக்காரரா? அவர் அங்கேயேதான் இருக்கார். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ளே நான் போகலேன்னா வேறே ஆளை வச்சுக்குவாராம்."

குமாஸ்தாவின் பேனா நின்றுவிட்டது. "அடக் கெரகமே! வேற ஆளா?"

"ஆமாம். கடிதத்திலேயே எழுதிட்டார்."

மறுபேச்சில்லாமல் சீட்டு எழுதிக் கொடுத்தார். "வெரசாப் போயிச் சேருங்க, சாமி" என்றார். எவ்வளவு நல்ல மனிதர்!

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ராசிபுரம் பக்கத்துக் குடியானவர் வீட்டு அம்மாள் ஒருவர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"வேற ஆள வெச்சுக்குவேன்னு காயிதம் போடறவங்கூட என்னத்துக்குங் கண்ணு பொழைக்கோணும்?"

"உலகமே அப்படித்தானே, அம்மா? எனக்கு முன்னாடி மூணு பேரை வச்சிருந்தார். யாரும் நிலைக்கலை."

"மூணு பேரா!"

"மூணு பேரும் ஆம்பிளைங்க."

அந்த அம்மாள் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.

"உன்ற ஊட்டுக்காரரு ஆம்பிளைங்களையாங் கண்ணு வெச்சிருந்தாரு?" என்று அவர் கேட்ட பிறகுதான் விளங்கியது. அந்தப் பக்கத்தில் வீடு என்றால் ஊடு. ஊட்டுக்காரர் என்றால் — கணவர்! டாக்டர் விஷயத்தை நான் சொன்னதும் அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. சிரித்து ஓய்ந்ததும் முகம் வாடிவிட்டது.

"என்ற மவ ஈரோட்டுல புள்ளத்தாச்சிங்க. வலி கண்டிருச்சுன்னு தந்தி வந்துச்சு. ஊட்டுக்காரரு கூட இல்லாத பொம்பளைங்க நாளைக்குத்தான் போகோணும்னு சீட்டு எழுதறவரு அனுப்பிப் போட்டாருங்க."

என் கையில் சீட்டு. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஊட்டி. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் அந்த அம்மாளையும் அழைத்துக்கொண்டு குமாஸ்தாவிடம் போனேன்.

"சார், எனக்குப் புருஷன் கிடையாது. ஆனா சீட்டைத் திருப்பித் தரமாட்டேன். இந்த அம்மாவுக்கும் ஒண்ணு எழுதுங்க."

"ஏமாத்திப் போட்டீங்களே அம்மிணி! தனியாப் போற பொம்பளைங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்கல்ல பதில் சொல்லோணும்? குடுங்க அத!"

டிக்கெட்டை அவர் மேஜைமேல் வைத்தேன். "புறப்படற ஊர், சேர்ற ஊர், வகுப்பு, கட்டணம். எல்லாம் இருக்கு. புருஷன் எங்கே அச்சடிச்சிருக்கு? காட்டுங்க."

அவர் உண்மையிலேயே டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார்!

"நல்லாத் தேடுங்க சாமி, அந்தப் பக்கம் ஒளிஞ்சிருக்கப் போறாரு" என்றது வரிசையில் ஒரு பெண் குரல். வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்குள் வண்டியும் வந்துவிட்டது. குமாஸ்தா ஒரு சீட்டைக் கிறுக்கி அந்த அம்மாள் பக்கம் தள்ளினார்.

"உங்க மேல ரிப்போர்ட் எழுதறேன். பேரச் சொல்லுங்க!"

சொன்னேன். இனிஷியலோடு.

அந்த அம்மாள் ஈரோட்டில் இறங்கி ஓட்டமாக ஓடினார். நான் மறுநாள் மாலைக்குள் வேலையில் சேர்ந்துவிட்டேன்.

துணையில்லாமல் போகும் பெண்ணுக்கு வழியெல்லாம் இடைஞ்சல் என்கிறார்கள். இருக்கலாம்... எனக்கு வந்த ஒரே இடைஞ்சல், என்னைக் காப்பாற்றப் புறப்பட்டவரால் வந்தது.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. வரட்டும் — கண்ணாடி போட்டு எக்ஸ்ரே அறையில் மாட்டிவைக்கிறேன்.