பாசஞ்சர் ஜன்னலில் ஒரு கை

விளாங்குடிப் பக்கம் தண்டவாளத்துக்கு மேலே போகிற பாலத்தில் நின்று பாசஞ்சர் ரயிலைப் படம் பிடித்தவர்களில், என் பத்தாவது வயதில், நானே தலைசிறந்தவன். அந்த வேலைக்காக அங்கே வேறு யாரும் வந்து நின்றதில்லை என்பது தனி விஷயம்.

கேமரா என்னுடையது அல்ல. சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த மாமாவுடையது. அக்காவுக்கு வாடிப்பட்டியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு அவள் படம் பிடித்துப்போனால் ஆவணியில் கல்யாணம். திண்டுக்கல்லில் அவள் படித்துக்கொண்டிருந்த படிப்பு பாதியில் நின்றுவிடும். ஆடி பிறந்தால் நல்ல காரியப் பேச்சே எடுக்கமாட்டார்கள் என்பதால், ஆனி முடிவதற்குள் படம் தரகர் கைக்குப் போயாக வேண்டும். மாமா ஒரு மதியம் முழுக்க அவளைப் பட்டுப்புடவையில் குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்துத் தள்ளினார். "கொஞ்சம் சிரிம்மா" என்று அவர் கெஞ்சக் கெஞ்ச, அக்கா ரேஷன் கார்டுக்குப் போஸ் கொடுப்பது போலவே நின்றாள்.

அந்தக் கேமராவைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று என்னை மிரட்டி வைத்திருந்தது மாமா அல்ல, அக்காதான். அப்பேர்ப்பட்டவள் மறுநாள் காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது அதைத் தானே என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"ரயில எடுக்கணும்னு உசுர வாங்குனேல்ல? போய்ப் பாலத்துல நில்லு. கூடல் நகர்ல ஏறி ஜன்னல்ல கை காட்டுறேன். அதையும் எடு."

"மாமா வைவாருக்கா."

"அவரு எந்திரிக்க எம்புட்டு நேரமாகும்னு எனக்குத் தெரியாதா? ஓடு."

உடன்பிறந்த பாசம் என்றால் இதுதான் என்று நெகிழ்ந்துபோய் ஓடினேன்.

ரயில் வருவதற்குள், அக்கா முறைத்துக்கொண்டு நிற்கிற படங்களைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று பொத்தான்களை அமுக்கினேன். வெறும் கறுப்புத் திரையில் 'நோ இமேஜ்' என்றுதான் வந்தது. பீரோவுக்குள் ரகசிய அறை இருக்கிற மாதிரி, முக்கியமான படங்களைக் கேமரா உள்ளே எங்கோ பூட்டி வைத்திருக்கிறது என்று முடிவு செய்தேன். விஞ்ஞானத்தில் எனக்கு அப்படியொரு பிடிப்பு.

ஹாரன் கேட்டதும் பாலம் அதிர்ந்தது. பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். விரல் மட்டும் அமுக்கிக்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்தபோது நீலப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கை ஆடியது. அதையும் பிடித்தேன். ரயில் போன பிறகு தண்டவாளம், என் செருப்பு, எதிரே வந்த பால்காரர் என்று கலை வளர்த்ததில் பேட்டரி உயிரை விட்டது. மாமாவின் குறட்டை நிற்பதற்குள் கேமராவை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டேன்.

பேட்டரி தீர்ந்து கேமரா ஆன் ஆகாததால், சார்ஜ் ஏற்றச் சோம்பல்பட்ட மாமா எதையும் பார்க்காமல் மெமரி கார்டை ஸ்டூடியோவில் கொடுத்து, "உள்ள இருக்கறது அம்புட்டையும் பெருசாப் போட்ருங்கண்ணே" என்று சொல்லிவிட்டார். ஆனி கடைசி நாள், தரகர் காபி குடித்து முடித்துக் கவரைப் பிரித்தார். முதலில் வந்தது என் கட்டைவிரல். அப்புறம் எஞ்சின். அப்புறம் பெட்டிகளின் கூரை. பால்காரர் படம் வந்ததும் தரகர், "பொண்ணுக்குத் தாய்மாமனா?" என்று மரியாதையாகக் கேட்டார். உயிருள்ள தாய்மாமன் அவருக்குப் பக்கத்திலேயே வேர்த்துப்போய் நின்றார்.

அம்மா படங்களைப் பிடுங்கித் தேடி, கடைசியில் ஒன்றை நீட்டினாள். "இந்தா, இது அவ வாட்சுதான்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கை. தரகர் வெகுநேரம் பார்த்தார். "கை லட்சணமாத்தான் இருக்கு. ஆனா மாப்ள வீட்ல மூஞ்சியும் கேப்பாகளே."

"சார்ஜ் ஏத்தி வேற எடுத்துருவோம்" என்றார் மாமா.

"எப்ப எடுத்து எப்பக் குடுக்க? விடிஞ்சா ஆடி. ஆவணியில பாத்துக்கிருவோம், வாரேன்."

அவர் தலை மறைந்ததும் மாமா என் பக்கம் திரும்பினார். "மாப்ள, எந்தப் பொத்தான அமுக்குன?"

"எல்லாத்தையுந்தான் மாமா."

உண்மை அதுதான். அம்மா கரண்டியோடு வந்தாள். குறுக்கே பாய்ந்தது அக்கா. "சின்னப் பய, வேணும்னா செஞ்சான்? அவன் மேல கை வச்சா நான் சோறு திங்க மாட்டேன்." அவள் பாவாடை மறைவில் பதுங்கிக்கொண்டு, தப்பித்தோமடா என்று மூச்சு விட்டேன்.

ஆவணியில் வாடிப்பட்டிக்காரர்கள் வேறு இடத்தில் முடித்துவிட்டார்கள். அம்மா கொஞ்ச நாள் புலம்பிவிட்டு, எல்லாம் நல்லதுக்குத்தான் என்று தேறினாள். அக்கா படிப்பை முடிக்கும் வரை கல்லூரி விட்டு வரும்போதெல்லாம் எனக்கு முட்டை பப்ஸ் வாங்கி வந்தாள். இவ்வளவு பெரிய குற்றவாளிக்கு இவ்வளவு பப்ஸா என்று ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. வாய் எப்போதும் நிறைந்திருந்தது.

இன்று அவள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அந்தக் கைப் படத்தைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் தப்பித்து மூச்சு விட்டவன் நான் ஒருவன்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கை டாட்டா காட்டியது எனக்குத்தான் என்றும்.